பழைய பேஸ் கிடாரை விற்போருக்கும் வாங்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் வட்டாரத்து மெல்லிசைக் குழுவினருக்கும், மைக் செட் நிலையத்தாருக்கும், கோயில் கச்சேரிகளிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் வாத்தியம் வாசிக்கும் இளைஞர்களுக்கும், இவர்கள் அனைவருடைய கருவிகளையும் பழுது பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக்குகளுக்கும்,



தீபாவளிச் சரக்கெல்லாம் லாரி ஏறிப் போய், பட்டாசு ஆலைகள் சில காலம் கதவடைத்து ஓய்வு கொள்ளும் நாட்களில், நம் பக்கத்தில் பழைய வாத்தியங்களும் ஆம்ப்ளிஃபயர்களும் கைமாறும் வழக்கத்தை நான் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறேன். போனஸ் பணத்தில் மிச்சம் பிடித்த பையன் ஒருவன் பேஸ் கிடார் தேடி அலைகிறான். இனிப் பங்குனிப் பொங்கல் திருவிழா வரையில் பெரிய கச்சேரி ஏதும் இல்லையே என்று கணக்குப் போடும் குழுத் தலைவர் ஒருவர் பரண்மேல் கிடக்கும் பழைய பெட்டியை விக்கிரயம் செய்துவிடலாமென்று நினைக்கிறார். இருவருக்கும் அறிமுகமான மூன்றாமவர் ஒருவர் டீக்கடையில் நின்றபடியே பேச்சை முடித்து வைக்கிறார். இப்படி நடக்கும் வியாபாரத்துக்கு ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது. விற்பவருடைய வாய்ச்சொல் ஒன்றே அதற்கு ஆதாரம். அந்த வாய்ச்சொல்லைப் பற்றித்தான் இம்மடல். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வாத்தியத்தை வாசித்தும், வாங்கியும், விற்றும், பிறருக்காகப் பார்த்துக் கொடுத்தும் வந்தவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன்.

பேஸ் கிடார் வயதான வாத்தியமன்று. 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாகாணத்து ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பவர், ஆள் உயரத்துக்கு மேல் நின்ற டபுள் பேஸைச் சுமந்து அல்லற்பட்ட வாத்தியக்காரர்களின் சிரமத்தைத் தீர்க்கவும், ஸ்வரம் பிசகாமல் விரல் விழும்படி ஃப்ரெட் கட்டிக் கொடுக்கவும் கருதி, பிரிசிஷன் பேஸ் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்து இளையராஜாவின் சங்கீதம் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவிய பிறகு, அவருடைய பாடல்களில் சசிதரன் போன்ற கலைஞர்கள் வாசித்த பேஸ், பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே ஓடுவதைச் செவி கண்டுகொண்ட கிராமத்துப் பையன்கள் எத்தனையோ பேர், அந்த நாதம் எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். விசாரித்தவர்களுள் புதிய வாத்தியம் வாங்கும் வசதி இருந்தவர்கள் வெகு சிலர். சென்னைக்குப் போய், 1842இலிருந்து நடந்துவரும் மியூசி மியூசிகல் போன்ற கடையில் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களே அநேகர். கல்கத்தாவிலிருந்து வந்த கிவ்சன் கிடார்களும், வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் கொண்டுவந்த ஜப்பானிய வாத்தியங்களும், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி மாறி, நம் மேடைகளில் பேஸ் ஒலிக்கச் செய்தன. ஆகவே பழைய வாத்தியத்தை இழிவாகப் பேசுவதற்கு நம்மில் எவருக்கும் நியாயமில்லை. நம் பயிற்சி முழுவதுமே பழைய வாத்தியத்தில் நடந்ததுதான்.

ஒரு வாத்தியம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆதாரமாக நிற்கக்கூடும் என்பதற்குத் தமிழகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது அவருடைய மகனுக்கு வயது ஒன்பது. அவர் சேகரித்து வைத்திருந்த கீபோர்டு முதலிய கருவிகளை வாடகைக்கு விட்டே அந்தக் குடும்பம் ஜீவனம் நடத்திற்று. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஏ.ஆர். ரஹ்மான் என்று உலகம் அறிந்தவர். கருவியை விற்கவோ வாடகைக்கு விடவோ வருகிறவர்களுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. வாங்க வருகிறவனுக்குப் பின்னாலும் அப்படியே. ஆறுமாதத் தீப்பெட்டிக் கூலியைச் சேர்த்து வைத்து வருகிற பையனிடம் நெக் வளைந்த கிடாரைப் பளபளப்பாகத் துடைத்துத் தள்ளிவிடுவது சாமர்த்தியம் என்று நம்மிடையே சிலர் எண்ணுவதை நான் அறிவேன். அது சாமர்த்தியமன்று, களவு.

நெக் என்று சொன்னேன். நம் மண்ணில் அது தனியாகவே கவனிக்கத் தக்க விஷயம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபோது, சிவகாசியில் அது வேரூன்றுவதற்குப் பெருந்துணையாக இருந்தது இந்த வட்டாரத்தின் வறண்ட காற்று. தீக்குச்சி மருந்தும் பட்டாசு மருந்தும் விரைந்து உலர்வதற்கு உதவிய அதே காற்று மரத்துக்கு விரோதி. சித்திரை வைகாசி வெயிலில் ஃப்ரெட் போர்டு மரம் ஈரம் இழந்து சுருங்குகிறது; உலோகமாகிய ஃப்ரெட் சுருங்குவதில்லை; ஆகையால் அதன் முனைகள் இரு ஓரங்களிலும் துருத்திக்கொண்டு விரலைக் கிழிக்கின்றன. ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கியதும் மரம் ஈரத்தை உறிஞ்சி வேறு விதமாக அசைகிறது. இந்த இழுபறிக்கு நடுவே நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இரவும் பகலும் அந்த நெக்கை வளைத்துக்கொண்டிருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பது உள்ளே செல்லும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஒன்றுதான்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டா. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் நெடுக்கைப் பார்க்கட்டும். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திக்கொண்டு, நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே கனமான காகிதம் ஒன்று நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று சோதிக்கட்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின்மேல் தந்தியை இலேசாகத் தொட்டு எழும் நாதமும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் நாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ட்ரஸ் ராட் திருகு இன்னும் திரும்புகிறதா என்பதை விற்பவரைக் கொண்டே, கால் சுற்றுக்கு மேற்படாமல், திருப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். அது முடிவுவரை இறுகிப் போயிருந்தால் அந்த நெக்குக்கு இனி மருந்து அரிது. வால்யூம் திருகும்போது கரகரவென்று இரைவது பெரிய குறையன்று. துடைத்தால் தீரும், மாற்றினாலும் செலவு சொற்பமே.

சாத்தூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் நான் நேரில் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். அச்சகத்தில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் பழைய பேஸ் ஒன்றைப் பார்ப்பதற்கு என்னைத் துணைக்கு அழைத்திருந்தான். விற்பவர் முன்னாளில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். விரல் மூட்டு வலியால் நிறுத்திக்கொண்டவர். நாங்கள் வாத்தியத்தைக் கையில் எடுக்குமுன்பே, “தம்பி, தடிக் கம்பியில ஏழாவது ஃப்ரெட்டுக்கிட்ட கொஞ்சம் இரையும். நெக்கை ஒரு தடவ சரி பண்ணியிருக்கேன். பின்னால இருக்கிற பிக்கப் ஒரிஜினல் இல்ல, மாத்தினது. எல்லாத்தையும் பாத்துக்கிட்டு அப்புறம் வெலயப் பேசுங்க” என்றார். பையன் திகைத்துப்போய், “நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, அண்ணாச்சி” என்றான். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கிடார் உறைக்குள் கைவிட்டுப் பள்ளிக்கூட நோட்டு அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தந்தி மாற்றிய தேதி, நெக் சரி செய்த தேதி, பிக்கப் மாற்றிய தேதி, ஜாக்கில் ஈயப்பற்று விட்டுப்போய் மறுபடி பற்றவைத்த தேதி என்று வரிசையாகப் பேனாவால் எழுதியிருந்தது; மழையில் நனைந்து மை பரவிய இடத்தில் அதே எழுத்தை மீண்டும் எழுதிச் சேர்த்திருந்தார். விலை பேசுவதற்கு அதற்குப் பிறகு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவர் கேட்ட தொகையைப் பையன் குறைக்கவும் இல்லை.

வாத்தியத்தை விட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வந்தால் பொய் சொல்வது இன்னும் எளிதாகிறது. ஏனெனில் அதன் குற்றங்கள் யாவும் மூடியிட்ட பெட்டிக்குள் இருக்கின்றன. பேஸின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு 41 முறையே அதிர்வது. கோயில் மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியோ, 300 அதிர்வுகளுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அந்நாளில் நாங்கள் குழாய் செட்டில் பேஸை இணைத்து வாசித்தபோது ஜனங்கள் காதில் விழுந்தது தந்தியின் தட்டொலி மாத்திரமே. பேஸ் ஒலியைத் தாங்க மாட்டாமல் குழாய் யூனிட்டின் டயஃப்ரம் கிழிந்துபோவதும் உண்டு. பிறகு பெரிய பாக்ஸ்கள் வந்தன. அவற்றைத் தள்ளுவதற்கு அதிக வாட் வேண்டியிருந்தது. 1940இல் தோன்றிய டில்லி அஹுஜா நிறுவனத்து ஆம்ப்ளிஃபயர்கள் எந்த மைக் செட் வீட்டிலும் இருந்தன. இன்றும் நம் பக்கத்தில் கைமாறுகிற பழைய சரக்கில் அவை பல உண்டு. உறுதியான கட்டு, எளிய சர்க்யூட், பழுது பார்க்கத் தெரிந்தவர் ஊர்தோறும் இருக்கிறார். இவற்றைப் பழைய இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போடுவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அப்படிப்பட்ட பெட்டி ஒன்றை அண்மையில் திறந்து பார்த்தேன். பின்புறத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், ஒயரிலிருந்து உரித்த செப்பு இழைகள் மூன்று முறுக்கி வைக்கப்பட்டிருந்தன. திருவிழா மேடையில் ஃபியூஸ் போய்விட்டது, கையில் மாற்று ஃபியூஸ் இல்லை, கூட்டம் கூச்சலிடுகிறது என்றால் ஒருவன் என்னதான் செய்வான் என்று கேட்பீர்கள். அந்த இரவுக்கு அது காரணமாகலாம். மறுநாள் காலையில் அந்த இழையை எடுத்தெறியாமல் விட்டதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஜெனரேட்டர் ஒரு கணம் துள்ளியபோது, முதலில் எரிந்து மற்றவற்றைக் காக்க வேண்டிய ஃபியூஸ் அங்கே இல்லாத காரணத்தால், அதனினும் எத்தனையோ மடங்கு விலையுள்ள டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தது. அதே பெட்டியில் 2என்3055 என்று எழுத்துப் பொறித்த டிரான்சிஸ்டர்கள் நான்கில் இரண்டு போலி. எழுத்து ஒன்றாயினும் உள்ளிருக்கும் சில்லு சிறியது. பாரம் ஏறியதும் உயிர் விட்டுவிடும். போலிச் சரக்கு மலிவு என்பதால் வாங்கிப் போடுகிற மெக்கானிக் தன் கைத்தொழிலின் நற்பெயரைத் தானே விலைபேசுகிறார். பழைய பெட்டியில் ‘உம்’மென்ற இரைச்சல் கேட்டால் அநேகமாகப் பெரிய கண்டன்சர்கள் உலர்ந்துவிட்டன என்று பொருள், வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் கைக்கொள்ளும் கணக்கு, நம் ஊர் வெயிலையும் தகரக் கொட்டகையையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அந்தக் கண்டன்சர்கள் மின்னை வைத்திருக்கும். புதிதாகத் தொழில் பழகும் பிள்ளைகள் அவற்றின் மின்னை முறைப்படி இறக்காமல் கை வைக்கலாகாது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230. பின்தகட்டிலுள்ள எண்ணைப் படிக்காமல் பிளக்கைச் செருகினால் வாங்கிய அன்றே அதற்குக் கருமாதி.

இவையெல்லாம் பண நஷ்டம். உயிருக்கே நஷ்டம் தரும் வழக்கம் ஒன்று நம் மேடைகளில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது நான் மென்மையாகப் பேசப் போவதில்லை. இரைச்சல் கேட்கிறது என்று மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைப் பிடுங்கி விடுகிறார்கள், அல்லது எர்த் ஒயரை உள்ளேயே வெட்டி விடுகிறார்கள், இரைச்சல் நின்றுபோகிறது, செட்டுக்காரருக்குக் கெட்டிக்காரர் என்று பெயர் வருகிறது, அந்தப் பெட்டி அதே கோலத்தில் மூன்று பேர் கைமாறி, நான்காமவனாக வாங்கும் பையனிடம் ஒரு சொல்லும் சொல்லப்படாமல் சென்று சேர்கிறது. பேஸ் கிடாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிள் வழியாகவும் ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்போடு இணைந்தவை. அந்த உடம்பில் மின்சாரம் கசிந்து, எர்த் வழியே இறங்க வழியில்லாமல் நிற்கும்போது, விரல்கள் தந்தியிலும் உதடு மைக்கிலும் பட்டால், மின்சாரம் வாசிப்பவன் நெஞ்சின் ஊடே போகிறது. 1972 மே 3ஆம் தேதி வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸி நகரத்தில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். தூர தேசத்துச் செய்தி என்று இதைத் தள்ளிவிட வேண்டா. மழை நனைத்த மைதானமும் அவசர ஒயரிங்கும் நம் திருவிழாக்களில் இல்லாதவையா?

எர்த்தின் மகிமையை நம் ஊராருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் புகுமுன், வாசலில் எர்த் செய்து பதித்த உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே செல்லும் தொழிலாளரின் பிள்ளைகள் நாம். பகலில் அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டு வருகிறவன் இரவில் எர்த் முள்ளில்லாத பிளக்கைச் செருகுவது எனக்கு விளங்காத அவலம். இரைச்சலுக்குப் பரிகாரம் இல்லாமலும் இல்லை. அது பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு இடங்களில் மின்சாரம் எடுப்பதாலும், அதனால் எர்த் இரு வழியாகச் சுற்றுவதாலும் வருவது. மேடைக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால் பாதி குறையும். மிச்சத்துக்கு டி.ஐ. பாக்ஸ் வைத்து, சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கலாம். மின்சாரத்தின் எர்த்தை எந்நாளும் தொடலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மேடை போர்டில் வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு கச்சேரிச் சம்பளத்தில் அடங்கிவிடும்.

இனி என் வேண்டுகோள். சாத்தூர்ப் பெரியவரின் நோட்டு அட்டையை நாம் அனைவரும் ஏற்றுக்கொள்ளலாகாதா? ஒவ்வொரு கிடார் உறைக்குள்ளும், ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரின் மூடிக்குப் பின்னாலும், ஒவ்வொரு பாக்ஸின் முதுகிலும் ஒரு சீட்டு இருக்கட்டும். எந்த ஆண்டில் யாரிடமிருந்து வந்தது என்ற முழு வரலாறு கிடைக்காமற்போனாலும் குற்றமில்லை. இன்றிலிருந்து என்ன பழுது, என்ன பாகம் மாற்றியது, ஒரிஜினலா மாற்றா, எந்த ஆம்பியர் ஃபியூஸ், எத்தனை வோல்ட், பாக்ஸ் எத்தனை ஓம், எர்த் சோதித்த தேதி எது, செய்தவர் கையொப்பம் என்ற இவ்வளவும் போதும். தீப்பெட்டி லேபிளில் தொடங்கி நாட்காட்டியும் டைரியும் பாரதம் முழுவதற்கும் அச்சிட்டு அனுப்பும் சிவகாசியில், இத்தனை சிறிய அட்டை ஒன்றை அச்சிடுவது பெரிய காரியமன்று. காகிதம் வெட்டியபின் மிஞ்சும் ஓரத் துண்டுகளே இதற்குப் போதும். அச்சகத்து முதலாளிகளில் சங்கீத அபிமானம் உள்ளவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களும் இதைத் தம் காதில் போட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

மெக்கானிக் அன்பர்களுக்குப் பிரத்தியேகமாக ஒரு வார்த்தை. உங்கள் கூலியை யாசகம்போல் கேட்காதீர்கள். ஒரு பழுதைக் கண்டுபிடிக்க நீங்கள் செலவிடும் இரண்டு மணி நேரத்துக்கும் கூலி உண்டு, ஐந்து ரூபாய்க் கண்டன்சருக்கு மட்டுமன்று. வாடிக்கையாளர்கள் இதை முணுமுணுக்காமல் கொடுக்கக் கற்க வேண்டும். அதற்கு ஈடாக, கழற்றிய பழைய பாகத்தை ஒரு பொட்டலத்தில் கட்டி உரியவரிடம் கொடுங்கள். சீட்டில் உங்கள் கையொப்பம் இடுங்கள். எர்த் முள் இல்லாத பெட்டி உங்கள் மேசைக்கு வந்தால், எந்தப் பழுதுக்காக வந்திருந்தாலும் சரி, முள்ளைப் பொருத்தாமல் திருப்பி அனுப்பாதீர்கள். உரியவர் வேண்டாமென்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

விற்பவர்களே, குறையைச் சொன்னால் விலை குறையும் என்று அஞ்ச வேண்டா, குறையும்தான், குறையட்டும். வாங்கும் தம்பிகளே, சீட்டில்லாத பொருளை வாங்கினாலும், வாங்கிய அன்றே உங்கள் கையால் ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அதற்குமுன் உங்கள் வீட்டிலும் செட்டிலும் உள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து எர்த் ஒயரைப் பாருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்பன்,
உங்களோடு மேடையேறிய ஒரு பேஸ் கிடார்க்காரன்